அணுகுமுறை இல்லாத அக்கா

தனக்கு அணுகுமுறை எதுவும் இல்லை என்பது டியூஷன் அக்காவுக்கு நாற்பத்து மூன்றாவது வயதில்தான் தெரிய வந்தது. அதற்கு முன் பதினாறு வருடங்களாக அவர் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் படித்தவர்களில் ஒருத்தி பல் டாக்டர். ஒருவன் விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் இடத்தில் மேற்பார்வையாளர். இன்னொருவன் எதுவாகவும் ஆகவில்லை, ஆனால் தெருவில் ஃபியூஸ் போனால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இவர்களில் யாரும் அக்காவிடம் அணுகுமுறையைப் பற்றிக் கேட்டதில்லை.

கேட்டது தனிப்பயிற்சித் தர ஆணையம். அது புதிதாக அமைக்கப்பட்டிருந்தது. வீட்டில் ஒரே ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பவரும் அதில் பதிவு செய்துகொள்ள வேண்டும், பதிவெண் கைக்கு வரும்வரை யாருக்கும் எதையும் கற்பிக்கக் கூடாது, மீறினால் வாழ்நாள் தடை என்று கடிதம் வந்தது. கூடவே பதினான்கு பக்க விண்ணப்பம். அக்காவின் கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவர், பொடி எழுத்துக்கு அஞ்சாதவர். முழுவதையும் படித்துவிட்டு, இதில் பயப்பட ஒன்றும் இல்லை, படித்த படிப்பையும் சொல்லித் தரும் விதத்தையும்தான் கேட்கிறார்கள், இரண்டும்தான் உன்னிடம் இருக்கிறதே என்றார்.

அக்கா சட்டத்துக்கு அடங்கிய மனுஷி. பதிவெண் வரட்டும் என்று பிள்ளைகளை எல்லாம் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டார். சிட்டுவை அனுப்பத்தான் மனசு வரவில்லை, அவளையும் அனுப்பினார்.

சிட்டு நாலு வீடு தள்ளி இருக்கும் வெல்டரின் மகள். பதினேழு வயது. லேப் டெக்னீஷியன் படிப்புக்கு இடம் கிடைத்து, இயற்பியலில் மட்டும் தோற்றுப்போய், அந்த இடத்தைக் கெஞ்சிக் கூத்தாடி மறுதேர்வு முடியும்வரை நிறுத்தி வைத்திருந்தாள். மறுதேர்வுக்குப் பதினோரு வாரம் இருந்தது. முதல் நாள் எங்கே புரியவில்லை என்று அக்கா கேட்டபோது, எல்லாமே என்றாள். சரி, எது வரைக்கும் புரிந்தது என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனார்கள். எட்டாம் வகுப்பு வரை போக வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் விஷயம் வெளியே வந்தது. வரிசையாக மூன்று பல்பு மாட்டினால் முதல் பல்பு கரண்ட்டில் பாதியைத் தின்றுவிடும், மிச்சம்தான் அடுத்ததற்குப் போகும் என்று அவள் நாலு வருடமாக நம்பிக்கொண்டிருந்தாள். அதன் மேல் எத்தனை பாடம் ஏற்றினாலும் நிற்கவில்லை.

“அப்போ உங்கப்பா வெல்டிங் பண்ணும்போது, மெஷினுக்குப் பக்கத்துல இருக்கற ஒயர் மட்டும் நிறையத் தின்னுட்டு, தூரத்துல இருக்கறது பட்டினி கிடக்குமா?” என்று அக்கா கேட்டார்.

சிட்டு மேசை மேல் விரலால் ஒயரைப் போல ஒரு கோடு இழுத்தாள். பிறகு, “இல்லக்கா. ஒயர் முழுக்க ஒரே மாதிரிதான் சுடும்” என்றாள். சொல்லிவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டாள், யாரோ அதில் எதையோ வைத்துவிட்டுப் போனதைப் போல.

அந்தச் சமயத்தில்தான் கடிதம் வந்தது.

விண்ணப்பத்தில் கற்பித்தல் அணுகுமுறை என்ற இடத்தில் இரண்டு பக்கம் காலியாக விட்டிருந்தார்கள். அக்கா யோசித்து யோசித்து, பிள்ளைக்கு எங்கே புரியவில்லை என்று கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்குவேன் என்று எழுதினார். அதற்கு மேல் எழுத அவரிடம் ஒன்றும் இல்லை. அது உண்மை என்பதால் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு வாரத்தில் விண்ணப்பம் திரும்பி வந்தது. குறுக்கே, அணுகுமுறை காணப்படவில்லை என்று முத்திரை குத்தியிருந்தது. அதற்கென்றே முத்திரை செய்து வைத்திருந்தார்கள் என்றால் நிறையப் பேருக்குக் காணப்படவில்லை என்று அர்த்தம். அக்காவுக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆணையம் நாலு மாடிக் கட்டடத்தில் இருந்தது. லிப்ட் இரண்டாம் மாடியோடு நின்றுவிடும், அணுகுமுறைப் பிரிவு நாலாவதில். அங்கே இருந்த ஆலோசகர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். அங்கீகரிக்கப்பட்ட அணுகுமுறைகள் அறுபத்து நாலு இருப்பதாகவும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்றும் சொல்லிப் பட்டியலைக் கொடுத்தார். அக்கா அதில் தனக்குத் தோதாகத் தெரிந்த ஒன்றைக் காட்டினார். மாணவரை மையமாகக் கொண்ட அணுகுமுறை என்று போட்டிருந்தது. ஆலோசகர் உதட்டைப் பிதுக்கினார். அதற்குக் குறைந்தது பன்னிரண்டு மாணவர்கள் வேண்டும், வட்டம் இல்லாமல் மையத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார்.

கடைசியில் நாற்பத்தொன்றாம் எண்ணில் முடிந்தது. அதன் பெயர் படிநிலைப் பின்னோக்குப் பகுப்பாய்வு. அப்படியென்றால் என்ன என்று அக்கா கேட்டதற்கு, அது பயிற்சிக்குப் போனால் தெரியும் என்றார் ஆலோசகர். பயிற்சி மூன்று வாரம். மூன்று வாரமும் ஒரு அம்மாள் திரையில் அம்புக்குறிகளைக் காட்டினார். அம்புகள் எல்லாம் கீழிருந்து மேலே போய் மறுபடி கீழே வந்தன. கடைசி நாள்தான் அக்காவுக்கு விளங்கியது: பிள்ளைக்கு எங்கே புரியவில்லை என்று கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்குவதைத்தான் அந்த அம்மாள் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்து அதைச் சொல்லவும் சொன்னார். அம்மாள் முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவு எளிமையாகச் சொன்னால் பெற்றோருக்கு நம்பிக்கை போய்விடும் என்றார்.

அடுத்தது கல்விப் பின்னணி. அக்கா இயற்பியலில் முதுகலை முடித்து, ஆராய்ச்சியில் சேர்ந்து, பாதியில் விட்டவர். மாமனார் படுக்கையில் விழுந்ததால் இரண்டு வருடம் வீட்டிலேயே இருக்க வேண்டியிருந்தது. ஆவணச் சரிபார்ப்பு அதிகாரி அந்த இரண்டு வருடத்தைப் பேனாவால் வட்டமிட்டார்.

“இந்த ரெண்டு வருஷம் யாருகிட்ட இருந்தீங்க?”

“என் மாமனாரைப் பார்த்துக்கிட்டேன் சார்.”

“அவர் எந்தத் துறை?”

அக்கா தபால் துறை என்றார். மாமனார் தபால்காரராக இருந்தது நிஜம். அதிகாரி துறை மாறியதற்கான விளக்கக் கடிதம் வேண்டும் என்று குறித்துக்கொண்டார். கடிதம் எழுதிக் கொடுக்கவும், அது ஏற்கப்படவும் இரண்டு வாரம் ஆனது.

இதற்குள் சிட்டு தினமும் மாலையில் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனாள். பதிவெண் வந்ததா என்று கேட்க மாட்டாள். அக்காவின் முகத்தைப் பார்ப்பாள், போய்விடுவாள். ஒரு நாள் அவளுடைய அப்பா வந்தார். உட்காரவில்லை. வேற டீச்சரைப் பார்க்கலாமா என்று கேட்டேன், மாட்டேன்னுட்டா, நீங்களே ஒரு வழி சொல்லுங்க என்றார். வேறு டீச்சர்களும் இல்லை. அந்த வட்டாரத்தில் பதிவெண் கிடைத்திருந்தது ஒரே ஒருவருக்கு. அவர் பாட்டுச் சொல்லித் தருகிறவர்.

ஒன்பதாம் வாரம் செய்முறை வகுப்புக்கு அழைப்பு வந்தது. மூவர் குழு முன்னால் இருபது நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். சிட்டுவைக் கூட்டி வரட்டுமா என்று அக்கா கேட்டார். பதிவு பெறாதவர் மாணவருக்குக் கற்பிப்பது குற்றம், ஆகவே மாணவர் இருக்கக் கூடாது என்றார்கள். மாணவர் இடத்தில் கணக்குப் பிரிவு எழுத்தர் ஒருவரை உட்கார வைத்தார்கள். ஐம்பது வயது. நரைத்த மீசை. அவருக்கு முன்னமே சொல்லி வைத்திருந்தார்கள்: ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை புரிந்தது என்று சொல்ல வேண்டும்.

பஸ்ஸில் திடீரென்று பிரேக் போட்டால் நாம் ஏன் முன்னால் விழுகிறோம் என்பதை அக்கா எடுத்துக்கொண்டார். எழுத்தர் ஐந்தாம் நிமிடம் புரிந்தது என்றார். என்ன புரிந்தது, நீங்களே சொல்லுங்கள் என்று அக்கா பழக்கத்தில் கேட்டுவிட்டார். எழுத்தர் குழுவைப் பார்த்தார். குழு உத்தரத்தைப் பார்த்தது. அவர் தட்டுத் தடுமாறி, டிரைவர் நம்மைத் தள்ளுகிறார் என்றார். டிரைவர் கை உங்கள் மேல் பட்டதா என்று அக்கா கேட்டார். இல்லை. வேறு யாராவது? இல்லை. அப்படியென்றால் உங்களை முன்னால் தள்ளியது யார்?

எழுத்தர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். “யாரும் தள்ளலியா? அப்போ பஸ்ஸுதான் நின்னிருக்கு, நான் நிக்கலையா?”

“ஆமா. நீங்க போய்க்கிட்டேதான் இருந்தீங்க.”

“முப்பது வருஷமா பஸ்ல வர்றேன் மேடம்,” என்றார் எழுத்தர். “அப்போ பூமியும் திடீர்னு நின்னா?”

மணி அடித்துவிட்டார்கள். எழுத்தரைக் கீழே அனுப்பிவிட்டுக் குழுத் தலைவர் மதிப்பெண் தாளைப் படித்தார். குரல் உரப்பு நன்று. நிற்கும் விதம் நன்று. ஆனால் ஒன்பதாம் நிமிடத்தில் மாணவர் கேள்வி கேட்டிருக்கிறார். பதினெட்டாம் நிமிடத்தில் பாடத்திட்டத்தில் இல்லாத பூமியைப் பற்றியும் கேட்டிருக்கிறார். விளக்கம் முழுமையாக இருந்திருந்தால் கேள்வி எழுந்திருக்காது. அதனால் மதிப்பெண்ணில் கழிவு.

தலைவர் நல்லவர். அக்காவின் முகம் வாடியதைப் பார்த்துச் சமாதானமாகப் பேசினார்.

“மனசுல வெச்சுக்காதீங்க. எங்ககிட்ட பாரபட்சம் கிடையாது. இந்த ஆணையத்துல நாங்க பதினோரு பேர். ஒருத்தரும் இதுவரைக்கும் யாருக்கும் பாடம் நடத்தினதில்ல. அதனாலதான் எங்களால நடுநிலையா இருக்க முடியுது. சொல்லிக் கொடுத்துப் பழகினவங்களைப் போட்டா பிள்ளைங்க பக்கம் சாஞ்சிடுவாங்க.”

முடிவைத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னார். அக்கா படிகளில் இறங்கும்போது, இரண்டாம் மாடியில் அந்த எழுத்தர் லிப்டுக்காகக் காத்திருந்தார். அருகில் வந்து, பூமி நின்றால் என்னாகும் என்று தணிந்த குரலில் கேட்டார். அக்கா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பதிவெண் வந்த பிறகு சொல்கிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்தால் சிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். மறுதேர்வுக்கு இரண்டே வாரம். புத்தகத்தைத் திறக்கக்கூட இல்லை, மடியில் வைத்திருந்தாள். அக்கா அவளைத் தாண்டி உள்ளே போனார். செருப்பைக் கழற்றினார். முகம் கழுவினார். பிறகு வெளியே வந்து, “உள்ள வா” என்றார். பதினாறு வருடத்தில் அவர் செய்த முதல் குற்றம் அது.

எட்டு நாள் நடந்தது. பல்பு சரியானதும் மற்றதெல்லாம் தானாக வழிவிட்டது. சிட்டு ஒரு கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் அடுத்ததை எட்டிப் பார்த்தாள். கணவர் ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒன்பதாம் நாள் மாலை நாலரைக்கு ஆணையத்தின் கள ஆய்வாளர் வந்துவிட்டார். கணவர் அன்று கடையில் இருந்தார். ஆய்வாளர் மேசையையும் நோட்டையும் சிட்டுவையும் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பெண், சும்மா பேசிக்கொண்டிருந்தோம் என்றார் அக்கா. ஆய்வாளர் தலையசைத்தார். பேசுவது குற்றமில்லை, கற்பிப்பதுதான் குற்றம் என்றார். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க விதி இருந்தது. பேச்சின் முடிவில் எதிரில் இருப்பவருக்கு ஏதாவது தெரிந்திருந்தால் அது கற்பித்தல். ஒன்றும் தெரியாவிட்டால் பேச்சு. அவர் பையிலிருந்து பாடவாரியாக அச்சிட்ட அட்டைகளை எடுத்தார். இயற்பியல் அட்டையில் மூன்று கேள்விகள்.

சிட்டு முதல் கேள்விக்குத் தெரியாது என்றாள். இரண்டாவதற்கும் அதையே சொன்னாள். மூன்றாவது கேள்வி, வரிசையாக மூன்று பல்பு மாட்டினால் கடைசிப் பல்பில் மின்னோட்டம் எப்படி இருக்கும் என்பது.

சிட்டு அக்காவைப் பார்க்காமல் சொன்னாள். “கம்மியாத்தான் சார் இருக்கும். முதல் பல்பு பாதியைத் தின்னுடும்.”

அக்கா மேசை மேல் இருந்த தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஆய்வாளர் அட்டையைத் திருப்பி விடையைப் பார்த்தார். தவறு என்று குறித்தார். பிறகு, தனக்கும் அப்படித்தான் தோன்றுவதாகவும், ஆனால் அட்டையில் வேறு மாதிரி போட்டிருப்பதாகவும் சொன்னார். படிவத்தில் எனக்கு இயற்பியல் எதுவும் தெரியாது என்று சிட்டுவை அவள் கையாலேயே எழுதச் சொல்லி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கினார். போகும்போது, மனசை விட்டுடாதம்மா, உலகத்தில் இயற்பியல் தெரியாமல் எத்தனையோ பேர் நன்றாக இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தைரியம் சொன்னார்.

ஐந்து நாள் கழித்து சிட்டு தேர்வு எழுதினாள். அதே வாரம் அக்காவுக்கு ஆணையத்தின் முடிவு வந்தது. விண்ணப்பதாரருடன் நீண்ட காலம் பழகிய மாணவி ஒருவருக்கு இயற்பியல் எதுவும் தெரியாது என்பது கள ஆய்வில் எழுத்துப்பூர்வமாக உறுதியாகியிருப்பதால், நாற்பத்தொன்றாம் அணுகுமுறையைக் கையாளும் தகுதி இவருக்கு இல்லை எனக் கண்டு விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

அக்கா அதை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தார். சிட்டுவின் தேர்வு முடிந்துவிட்டதே, போகட்டும் என்று நினைத்தார்.

மதிப்பெண் வந்தது. எண்பத்து மூன்று. ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார்கள். கீழே, முடிவு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, ஆணையத்தை அணுகவும் என்று இருந்தது. லேப் டெக்னீஷியன் படிப்பில் சேரக் கடைசித் தேதிக்கு ஆறு நாள்தான் இருந்தது.

விசாரணை நாலாம் மாடியில் நடந்தது. வெல்டர் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார், சட்டையில் தீப்பொறி பட்ட சின்னச் சின்ன ஓட்டைகள். அவரை வெளியே உட்கார வைத்தார்கள். குழுத் தலைவர் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று, எனக்கு இயற்பியல் எதுவும் தெரியாது என்று சிட்டு எழுதிக் கொடுத்தது. மற்றது அவளுடைய விடைத்தாள். இரண்டுக்கும் நடுவே ஐந்து நாள். முதல் தாள் உண்மையென்றால் பார்த்து எழுதியிருக்கிறாள், முடிவு ரத்து, மூன்று வருடம் தேர்வெழுத முடியாது. முதல் தாள் பொய்யென்றால் பதிவில்லாமல் கற்பித்தல் நடந்திருக்கிறது.

சிட்டு, தானாகவே படித்ததாகச் சொன்னாள்.

தலைவருக்கு அப்போதுதான் முதல் தடவையாகக் கோபம் வந்தது. “தானா படிச்சா வந்துடும்னா நாங்க இத்தனை பேர் எதுக்கும்மா இருக்கோம்?”

மற்ற இருவரும் அதை ஆமோதித்தார்கள். அப்படியொரு வழி விதிகளில் இல்லை என்று ஒருவர் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். சிட்டு மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“நான்தான் சார் சொல்லிக் கொடுத்தேன். எட்டு நாள்.”

“இல்ல சார். அக்கா பொய் சொல்றாங்க.”

“நீ சும்மா இரு.”

தலைவரின் முகம் தெளிந்துவிட்டது. இரண்டு கோப்புகளையும் ஒரே நாளில் மூட முடிகிற வாய்ப்பு அவர்களுக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. உடனே தட்டச்சு செய்யச் சொன்னார். சிட்டுவின் முடிவை விடுவிக்கக் கடிதம் ஒன்று, அக்காவுக்கு வாழ்நாள் தடை ஒன்று. கையெழுத்துப் போடுவதற்கு முன் விடைத்தாளை ஒரு தடவை புரட்டிப் பார்த்தார். அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

“எட்டு நாள்ல எண்பத்து மூணு. ரொம்ப நல்லாச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க மேடம். அதுதான் உங்களுக்குப் பாதகமாப் போச்சு. நாப்பதுக்குக் கீழ வாங்கியிருந்தா, கற்பித்தலே நடக்கலைன்னு எச்சரிக்கையோட விட்டிருப்போம்.”

அக்கா நன்றி என்றார். அந்த இடத்தில் வேறென்ன சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

வெல்டர் வெளியே இரண்டு கடிதங்களையும் வாங்கிப் பார்த்தார். தன் மகளுடையது எது என்று முதலில் தெரியவில்லை. இரண்டிலும் ஒரே முத்திரை இருந்தது. தெரிந்ததும், அக்காவின் பையை வாங்கிக்கொண்டு நாலு மாடியும் முன்னால் இறங்கினார். சிட்டு கடைசித் தேதிக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஊருக்கு வரும்போது அக்காவைப் பார்க்க வருகிறாள், வந்தால் படிப்பைத் தவிர எல்லாவற்றையும் பேசுகிறாள். ஆணையம் இன்னமும் ஆய்வாளர்களை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது.

சாப்பாட்டு மேசை கொஞ்ச நாள் சாப்பிட மட்டும் பயன்பட்டது. மாலை நாலரை ஆனால் அக்காவுக்கு என்ன செய்வதென்று தெரியாமல், துவைத்த துணியையே மறுபடி எடுத்து மடிப்பார். கணவர் பார்த்தார். அவருக்குத் தெரிந்த ஒருவர் ஆணையத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். விண்ணப்பம் நிரப்பித் தரக் கையெழுத்து நன்றாக இருக்கும் ஒரு ஆள் தேவைப்பட்டது.

இப்போது அக்கா அங்கேதான் இருக்கிறார். அணுகுமுறை எழுதுவது அவர் பொறுப்பு. அவர் எழுதிய அணுகுமுறை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. நாலாம் மாடியில் அவை நன்றாக இருப்பதாகப் பேச்சு, இரண்டை மாதிரிக்காகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். எழுதியது யார் என்று அவர்களுக்குத் தெரியுமா தெரியாதா என்பது தெரியவில்லை. எழுதுவதற்குத் தடை இல்லை.

போன வாரம் ஒரு பெண் வந்தாள். சின்ன வயது, ஆங்கில இலக்கணம் சொல்லித் தருகிறவள். திரும்பி வந்த விண்ணப்பத்தை மேசை மேல் வைத்தாள். நீங்கள் எப்படிச் சொல்லித் தருவீர்கள் என்று அக்கா கேட்டார்.

“நானே வேணும்னு தப்பாப் பேசுவேன் மேடம். பசங்க விழுந்து விழுந்து சிரிச்சுட்டு என்னைத் திருத்துவாங்க. அப்புறம் அவங்களுக்கு அது மறக்கவே மறக்காது.”

சொல்லும்போதே அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா அவள் சிரித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“இதை அங்க யார்கிட்டயும் சொல்லிடாதம்மா” என்று சொல்லிவிட்டு, அக்கா பேனாவைத் திறந்தார்.